ரெண்டு பீடி நேரம்

ஆறரைக்கே வந்துட்டேன். தங்கச்சி சாரதாமணி ஜீப்புல வந்து இறங்கப் பத்து மணியாகும். நடுவுல மூணரை மணி நேரம். அதுக்குள்ள, ஒரு வருசமா அவகிட்டச் சொல்லிட்டிருக்கற பொய்யை இன்னைக்கும் சொல்றதா, இல்ல உண்மையைக் கக்கிடறதான்னு நான் முடிவு பண்ணணும். இன்னைக்கு மாப்ளைக்கு முதல் வருசத் திதி, இன்னைக்குமா தூண்டில் கம்பைத் தூக்கிட்டுப் போறீங்கன்னு பொண்டாட்டி கேட்டா. கேப்பா, அவளுக்கென்ன. வீட்டுல குந்தினா எனக்கு முடிவு வராது, டீதான் வரும். ஒரு டீ, ரெண்டு டீ, அப்புறம் ஜீப்பு வந்துரும், தங்கச்சி மொகத்தைப் பாத்ததும் பழைய பொய்யே தானா வாயில வந்து நிக்கும். இங்க வந்து மட்டும் என்னத்தைக் கண்டேன்? ஏரி எங்க இருக்குதுன்னே தெரியல. மேகம் இறங்கிப் படுத்துக் கெடக்குது. கால்கிட்ட ரெண்டடி தண்ணி தெரியுது, அதுக்கு மேல எல்லாம் வெள்ளை. மான்கொரை அணையில முப்பத்தோரு வருசமா நான் மதகு ஆபரேட்டர், இந்தத் தண்ணியோட மட்டம் எனக்கு என்ற ரத்த அழுத்தத்தை விட நல்லாத் தெரியும். ஆனாலும் ஆவணி மாசத்துல இப்படி மேகம் படுத்துட்டா யாரோ என்னைத் தெரியாத ஊருல கொண்டாந்து விட்டுட்டுப் போன மாதிரி ஒரு பயம் வந்துருது. பயம்னா பயந்தான், அதுல என்ன வெக்கம். மார்பு வரைக்கும் வர்ற ரப்பர் கால்சட்டையை மாட்டி, தோள்ல வாரை இழுத்துக் கட்டிட்டேன். பூட்ஸும் கால்சட்டையும் ஒண்ணா ஒட்டினது, உள்ள தண்ணி போகாது, போச்சுன்னா வெளிய வராது.  

இது புழுவைக் கோத்துப் போட்டுட்டுத் தூங்கற தூண்டில் இல்ல. சேவலோட கழுத்து இறகையும் கறுப்பு நூலையும் முள்ளுமேல சுத்தி நெசப் பூச்சி மாதிரியே ஒண்ணு கட்டணும். அதைக் கனமான நூல்ல முன்னும் பின்னும் வீசி வீசி, நெசப் பூச்சி எப்படி உக்காருமோ அப்படித் தண்ணிமேல உக்கார வெக்கணும். அடியில இருக்கற டிரவுட்டு மீனு மேல வந்து அந்தப் பொய்யை முழுங்கும். எனக்கு இந்தக் கிறுக்கைப் புடிக்க வெச்சவன் நஞ்சப்பன், என்ற தங்கச்சி புருசன், மேல மீன் பண்ணையில வாச்சர். அவனுக்கும் எனக்கும் ஒரே வயசு, அதனால மாப்ளைன்னு மரியாதையெல்லாம் வீட்டுல சாப்பாட்டு எலை முன்னாடி மட்டுந்தான், தண்ணியில எறங்கிட்டா நான் வாய்யா போய்யாதான், அவன் மட்டும் எப்பவும் வாங்க போங்கதான். மச்சான், கொடித் துணியை உதறாதீங்க, கம்பு கடிகார முள்ளு மாதிரி பின்னால ரெண்டு மணிக்குப் போகட்டும், நில்லுங்க, நூல் நீளட்டும், இப்ப பத்து மணிக்கு வாங்க, அட சாமி, உங்க கைக்கு மதகு சக்கரந்தான் லாயக்குன்னு சிரிப்பான். பண்ணையில வளத்து விட்ட மீனை அவன் மதிக்கவே மாட்டான். அது ரேசன் சோறு தின்னு வளந்தது மச்சான், ஓடையில பொறந்து தானா வளந்ததுக்குத்தான் ரோசம் இருக்கும்பான். அப்படி ரோசமான ஒண்ணு, ஓடை வந்து ஏரியில விழுற இந்த ஓடை வாயில இருந்துச்சு, இருக்குது. நாங்க வெச்ச பேரு பெரியவர். பதினோரு வருசம், பெரியவர் இன்னைக்குத் தண்ணிக்கு மேல எந்திரிச்சாரா, பெரியவர் உங்களை விசாரிச்சாராங்கறதுதான் எங்க பேச்சு. அவனோட பூச்சி டப்பா இப்ப என்கிட்ட இருக்குது. சாரதாமணிதான் குடுத்தா, இதை வெச்சுட்டு நான் என்னங்ண்ணா பண்றதுன்னு. வருசம் பூராத் தொடாம வெச்சிருந்து இன்னைக்குத்தான் தொறந்தேன். அவன் கட்டின பூச்சியைத்தான் நூல் நுனியில முடிஞ்சிருக்கேன், முடிச்சுக்கு எச்சில் போட்டு இறுக்கறப்ப இறகுல அவன் பீரோவுல வெக்கற அந்துருண்டை வாசம் வந்துச்சு.

சாரதாமணி வேற எதையும் கேக்க மாட்டா. நஞ்சப்பன் இந்த ஏரியில முங்கிச் செத்த அன்னைக்கைப் பத்தி ஒரே ஒரு கேள்விதான். அவரு கூப்பிட்டாராங்ண்ணா? எல்லாரும் போனப்புறம் அடுப்படியில நின்னுட்டுக் கேப்பா. போன்ல எல்லாம் பேசி முடிச்சு வெக்கப் போறப்பக் கேப்பா. நானும் அதே பதில்தான் சொல்லுவேன், நான் மதகுப் பக்கம் அக்கரையில இருந்தேன் கண்ணு, அரை மைல், எனக்கு என்ன கேக்கும்னு. போலீசுக்கும் அதேதான் சொன்னேன். அவளுக்கு அந்தக் கேள்வி ஏன் அப்படிக் கெடந்து அறுக்குதுன்னு எனக்குத் தெரியாமலா இருக்குது? அன்னைக்குக் காலையில வீட்டுல சண்டை. சண்டைன்னா என்ன, ஒண்ணுமில்ல. பொண்ணை எட்டு மணி பஸ்ஸுக்குக் கொண்டு விடறேன்னு சொன்னவன் கம்பைத் தூக்கிட்டுக் கெளம்பியிருக்கான். இவ வாசல்ல நின்னு, போங்க, போயி அந்த ஏரியிலயே கெடந்துக்குங்க, வீட்டுப் பக்கம் வராதீங்கன்னு கத்தியிருக்கா. எந்தப் பொண்டாட்டி கத்தாம இருக்கறா? என்ற வீட்டுல வாரத்துக்கு ரெண்டு தடவை கேக்கறேன். ஆனா இவ கத்தினது அவ மாமியா காதுல விழுந்துச்சு. காரியம் முடிஞ்ச அன்னைக்கே அந்தம்மா ஆரம்பிச்சிருச்சு, என்ற மகனுக்கு இந்த ஏரியில அடியெல்லாம் அத்துப்படி, அவன் கால் தவற மாட்டான், வாய்விட்டு ஒரு சத்தம் போடலியே, மனசு வெறுத்துப் போயிக் கெடந்துக்கிட்டான், இவ சொல்லித்தான் போனான்னு. சொந்தத்துல ஒரு விசேசம்னா இவளை முன்னாடி நிக்க விடறதில்ல. பொண்ணே அம்மாகிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல. கூப்பிட்டான்னா பொழைக்க நெனைச்சான்னு அர்த்தம். கூப்பிடலைன்னா இவதான் கொன்னான்னு அர்த்தம். அவளுக்கு இருக்கற கணக்கு அவ்வளவுதான். அழுதாலாவது தேவலாம், அழவே இல்ல அவ, ஒரு சொட்டு வரல.

ரெண்டு மணிக்குப் பின்னால, நில்லு, பத்து மணிக்கு முன்னால. நூல் ஹூய்னு போகுது. பூச்சி எங்க விழுந்துச்சுன்னு தெரியல, மேகம் தின்னுருச்சு. மறுபடி இழுத்து, பின்னால, நில்லு, முன்னால. ஹூய். அப்புறம் இன்னொரு ஹூய். என்னடா இது. வலது பக்கம், ஒரு இருபது எட்டுத் தூரத்துல. எதிரொலி. அணைச் சுவத்துல பட்டுத் திரும்புது, இதுக்குப் போயி. ஆனா அணைச் சுவரு நேர் எதுத்தாப்புல, அரை மைல் தள்ளி இருக்குது. சரி, கற்பூர மரத்துல காத்து. காத்து எங்க அடிக்குது, அடிச்சா மேகம் இப்படி அசையாமப் படுத்திருக்குமா? மறுபடி வீசினேன். ஹூய். அங்கயும் ஹூய், அரை மூச்சுப் பிந்தி. நான் வீசற மாதிரியேதான் வீசுது, துணி உதறற மாதிரி, மணிக்கட்டு உடையற மாதிரி. நஞ்சப்பன் வீச்சு அப்படி இருக்காது, அவன் வீசினா சத்தமே வராது. இது என்ற வீச்சு. கையை நிறுத்திட்டேன். வலது பக்கம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஹூய்னு கேட்டு நின்னுச்சு. எதிரொலியா இருந்தா நான் வீசாம அது எப்படி வீசும்? அட கெரகமே. போட்டுட்டுப் போயிடு, கரையேறு, ஜீப்பு வர்ற ரோட்டுல போயி நில்லுன்னு கால் சொல்லுது. ஆனா கால் சொன்னா சேறு கேக்கணுமே, ஓடை வாய்ச் சேறு கணுக்கால் வரைக்கும் புடிச்சிருக்குது, மெதுவாத்தான் உருவணும். யாரோ பர்மிட்டு வாங்கிட்டு வந்திருப்பான், கோயமுத்தூர்க்காரன் எவனாவது. குரல் குடுத்துப் பாக்கலாம். யாருங்க அதுன்னு ஒரு வார்த்தை. வாய் வரல, ஏன்னா வலது பக்கம் இருபது எட்டுங்கறது எனக்குத் தெரிஞ்ச இடம்.

நான் அக்கரையில இல்ல. சொல்லிட்டேன், மனசுக்குள்ளயாவது சொல்லிட்டேன். அன்னைக்கு நான் அந்த இருபதாவது எட்டுல நின்னேன், அவன் இப்ப நான் நிக்கற இந்த ஓடை வாயில நின்னான். அந்த வாரம் பெரியவர் ஓடை வாயிலதான் எந்திரிச்சுட்டிருந்தாரு, முறைப்படி அன்னைக்கு அது என்ற இடம், ஆனா அவன் எனக்கு முன்னாடி வந்து எறங்கிட்டான். மச்சான் தூங்குவீங்கன்னு நெனைச்சேன்னு இளிச்சான். எனக்கு எரிஞ்சுச்சு. உனக்கு இந்த ஜென்மத்துல பெரியவர் கெடைக்க மாட்டாருய்யான்னு சொல்லிட்டு நகந்து போனேன். நாங்க பதினோரு வருசமா ஒரு வழக்கம் வெச்சிருந்தோம். ஒருத்தன் கம்பு வளைஞ்சுச்சுன்னா அடுத்தவன் தன் நூலைச் சுருட்டிக்கணும், ரெண்டு நூலும் சிக்கிக்கக் கூடாது. அப்புறம் முதுகைக் காட்டித் திரும்பி நிக்கணும். மீன் கைவலைக்குள்ள வர்றதுக்கு முன்னாடி இன்னொருத்தன் கண்ணு பட்டா நூல் அறுந்துரும்னு நஞ்சப்பன் சத்தியமா நம்புவான். மீன் வலைக்கு வந்ததும் ‘ஆச்சு’ன்னு சொல்லணும், அதுக்கப்புறந்தான் திரும்பலாம். அதுவரைக்கும் பேசவும் கூடாது, நகரவும் கூடாது, கரை அதிந்தா மீன் மெரளும். அன்னைக்கு அவன் கம்புல நூல் சுத்தற சக்கரம் கிர்ருனு அலறுச்சு. பெரியவர்தான், வேற எந்த மீனுக்கும் அப்படி அலறாது. நான் நூலைச் சுருட்டினேன், திரும்பினேன், பீடி பத்த வெச்சேன். பின்னால ஒரே தண்ணிச் சத்தம், தடார் தடார்னு. எவ்வளவு பெருசோன்னு நெனைச்சேன். அப்புறம் நெனைச்சேன், அறுந்து போகட்டும். கடவுளே, அறுந்து போகட்டும்னு நெனைச்சேன். ஒரு பீடி முடிஞ்சுச்சு, ஆச்சுங்கல. இன்னொரு பீடி. சத்தம் கொறைஞ்சுச்சு, நின்னுச்சு, அறுந்துருச்சுடான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். ரெண்டாவது பீடியையும் கடைசி வரைக்கும் இழுத்துட்டுத்தான் திரும்பினேன். தண்ணி சும்மா இருந்துச்சு. அணை முகாம் ஆளுங்க கயிறு கொண்டாந்து தேடறப்ப அவன் விழுந்து கெடக்கல, நின்னுட்டிருந்தான். இடுப்பு வரைக்கும் சேறு, தலைக்கு மேல ஒரு சாண் தண்ணி, கையில கம்பு. கம்பை விடவே இல்ல. விட்டிருந்தா என்ற கிண்டலைக் கேக்கணுமேன்னு விடலையோ என்னமோ. அன்னைக்கே பீடியை விட்டேன், அன்னைக்குப் போட்டிருந்த காக்கி ஸ்வெட்டரை அடுப்புல போட்டேன். இவ்வளவுதான், இதுல கூப்பிட்டதைப் பத்தி ஒண்ணும் இல்லையேன்னு தானே பாக்கறே மனசே, அந்த எடம் வந்தா தாண்டித் தாண்டித்தானே போறே.

இழுக்குது. அட, இழுக்குது! பூச்சியை நான் மறந்தே போயிட்டேன், அது பாட்டுக்கு மேகத்துக்குள்ள மெதந்துட்டிருந்திருக்குது. கம்பு வில்லா வளைஞ்சுருச்சு, சக்கரம் அலறுது, அதே அலறல். பெரியவரே, நீங்களா, இன்னைக்குத்தானா. கை தானா வேலை செய்யுது, விட்டுப் புடிக்குது. அது ஓடை வாய்க்குக் குறுக்க ஓடுது, அங்க சீகை மரத்து வேர் கெடக்குது, வேர்ல சுத்தினா போச்சு, ஒரு எட்டு முன்னால வெச்சேன். இன்னொரு எட்டு. மூணாவது எட்டுல அடியே இல்ல. முழங்கால், தொடை, இடுப்பு. காலை உருவினா மத்த காலு எறங்குது. மார்ல தண்ணி ஏறி, கால்சட்டைக்குள்ள ஐஸாக் கொட்டுது, ரெண்டு காலும் ரெண்டு மூட்டை சிமெண்டு. கையால தண்ணியை அடிக்கறேன், தடார் தடார்னு கேக்குது, எனக்கே கேக்குது, நான் அடிக்கறது மீனு அடிக்கற மாதிரியே கேக்குது. அப்பத்தான் மேகம் வலது பக்கம் கொஞ்சம் கிழிஞ்சுச்சு. அங்க ஒருத்தன் நிக்கறான். இருபது எட்டுல. முதுகைக் காட்டிட்டு. நூலைச் சுருட்டிக் கம்பைத் தோள்ல சாச்சிருக்கான். காக்கி ஸ்வெட்டர், எடது தோள்ல பச்சை நூல்ல என்ற பொண்டாட்டி போட்ட தையல். அது நான். தலைக்கு மேல புகை போகுது. ஏங்க, ஏனுங்கன்னு கத்தினேன். பொன்னுரங்கம்னு கத்தினேன், என்ற பேரை நானே கத்தினேன். அவன் பின்னங்கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டான். அவனுக்குக் கேக்குது. கேக்குதுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா எனக்குக் கேட்டுச்சு. மச்சான்னு கேட்டுச்சு, நல்லாத் தெளிவாக் கேட்டுச்சு, பெருசைப் புடிச்சுட்டான், பீத்தறான், ஆச்சுன்னு சொல்லாம நான் ஏன் திரும்பணும்னு நின்னேன். மறுபடி மச்சான். அப்புறம் பொன்னுரங்கம்னு பேரைச் சொல்லி. தங்கச்சியைக் கட்டினதுல இருந்து அவன் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அப்பவாவது திரும்பியிருக்கலாம். ஸ்வெட்டர்க்காரன் பீடியைக் கீழ போட்டு மிதிக்கறான். இப்பத் திரும்புவான். திரும்பல. சட்டைப் பைக்குள்ள கை விட்டு ரெண்டாவதை எடுக்கறான்.

கம்பை விட்டேன். அது ஒண்ணுதான் நஞ்சப்பன் செய்யாதது. கம்பு சறுக்கிட்டுத் தண்ணிக்குள்ள போச்சு, பெரியவர் இழுத்துட்டுப் போனாரு, போகட்டும். தோள் வாரை அவுக்க விரல் வரல, மரத்துப் போச்சு, பல்லால கடிச்சு இழுத்தேன். ஒண்ணு அவுந்துச்சு. இன்னொண்ணு. மல்லாந்து படுன்னு சொல்லிக்கிட்டேன், நிக்காதே, நின்னா போச்சு, படு. படுத்தேன், வாயில சேத்துத் தண்ணி, காதுல தண்ணி, கால்சட்டைக்குள்ள இருந்து காலை ஒண்ணொண்ணா உருவினேன். கால்சட்டை அங்கயே சேத்துல நின்னுடுச்சு. வேரைப் புடிச்சுட்டு, பொறண்டு, வயித்தால ஊந்து, கரையில வந்து விழுந்தேன். எவ்வளவு நேரம் கெடந்தேனோ தெரியல. அழுதேன், வாய்விட்டு அழுதேன், யாரு பாக்கப் போறா. வலது பக்கம் பாக்க மட்டும் ரொம்ப நேரம் தைரியம் வரல. பாத்தப்ப மேகம் ஏறியிருந்துச்சு, புல்லு, கல்லு, தண்ணி, அவ்வளவுதான். மேல ரோட்டுல ஜீப்பு கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு.

சாரதாமணி செம்பும் பூவுமா எறங்கி வந்தா. என்னைப் பாத்ததும் எல்லாத்தையும் கல்லு மேல வெச்சுட்டு ஓடி வந்தா. “என்னங்ண்ணா இது கோலம்? வழுக்கிட்டீங்களா? ஐயோ, நடுங்கறீங்களே”ன்னு தன் ஸ்வெட்டரைக் கழட்டி என்ற மேல போத்தினா. தலையைத் தொவட்டறதுக்கு முந்தானையை எடுத்தா. சின்னதுல நான் அவ தலையைத் தொவட்டியிருக்கேன். அவ இன்னைக்கு அந்தக் கேள்வியைக் கேக்கல, அதுதான் எனக்குத் தாங்கல.

“மாப்ள கூப்பிட்டாரு கண்ணு.”

முந்தானை அப்படியே நின்னுச்சு.

“மூணு தடவை. மச்சான்னு ரெண்டு தடவை, கடைசியா என்ற பேரைச் சொல்லி. பொழைக்கோணும்னுதான் கூப்பிட்டாரு. நீ சொன்ன சொல்லுக்கு அவரு போகல, சாரதா. மீனு இழுத்துச்சு, சேறு புடிச்சுச்சு, அவ்வளவுதான். வீட்டுக்கு வரணும்னுதான் கத்தினாரு.”

அவ தண்ணியைப் பாத்தா. “கூப்பிட்டீங்களா?”ன்னா, என்கிட்ட இல்ல, ஏரிகிட்ட. “கூப்பிட்டீங்களாங்க, சாமி, கூப்பிட்டீங்களா?” அப்புறம் ஒரு வருசத்து அழுகை வந்துச்சு, மடங்கி உக்காந்து மண்ணைப் புடிச்சுட்டு அழுதா, நான் பக்கத்துல போகல. ரொம்ப நேரங்கழிச்சு மொகத்தைத் தொடைச்சுட்டுக் கேட்டா, “நீங்க அக்கரையிலன்னு சொன்னீங்க.”

வலது பக்கம், அன்னைக்கு நான் நின்ன இடத்துக்குக் கையை நீட்டிக் காட்டினேன். 

அவ எந்திரிச்சு நடந்தா. ஒவ்வொரு எட்டா, அளந்து வெக்கற மாதிரி நடந்தா. அங்க போயி நின்னு, குனிஞ்சு, எதையோ பொறுக்கினா. திரும்பி வந்து உள்ளங்கையை விரிச்சுக் காட்டினா. ரெண்டு பீடித் துண்டு. வருசம் பூரா பேஞ்ச மழையில அங்க நின்னவன் போட்டது நனையாம இருக்குமா, அது நனையவே இல்ல, கடைசி இழுப்போட சாம்பல் கூட ஒண்ணுல ஒட்டியிருந்துச்சு. நான் பீடியை விட்டது அவளுக்குத் தெரியும், ஆனா அதைப் பத்தி அவ கேக்கல.

“அவரு கூப்பிடக் கூப்பிட, முதல் பீடி முடிஞ்சு, இன்னொண்ணும் குடிச்சீங்களா?”

“ஆமா.”

“கடைசி வரைக்கும்?”

“கடைசி வரைக்கும்.”

ரெண்டையும் தண்ணியில விட்டா. அவ ஸ்வெட்டரை என்ற மேல இருந்து எடுக்கல, அப்படியே விட்டுட்டா. கல்லு மேல இருந்த செம்பையும் பூவையும் எடுத்துக்கிட்டு, தண்ணி ஓரமாப் போயி, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னா. நான் சாரதான்னு ஒரு தடவை கூப்பிட்டேன். மறுபடி ஒரு தடவை. அவளுக்குக் கேட்டுச்சு, கழுத்து அசைஞ்சுச்சு. ஆச்சுன்னு எப்பச் சொல்லணும்னு அவளுக்குத் தெரியாது, எங்க வழக்கம் அவளுக்கு யாரும் சொல்லல, நான் ஈரத்தோட உக்காந்து அவ முதுகையே பாத்துட்டிருந்தேன்.